காலை நீட்டி உட்காரும் வண்டி

அவர் ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டார். முழங்கையைப் பார்ப்பார், இடுப்பைப் பார்ப்பார், எந்தக் காலில் பாரம் போட்டு நிற்கிறோம் என்று பார்ப்பார். நான் போடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் ஒருநாள் தெருக்கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மனிதர் வாசலில் நின்று என் தோள்பட்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"என்னண்ணே, எதையாச்சும் தொலைச்சுட்டீகளா?" என்றேன்.

"குட்டை," என்றார். உள்ளே போய்விட்டார்.

நான் குட்டை என்பது எனக்கே தெரியும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரரும் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார். இதைச் சொல்ல எதிர்வீட்டில் ஓர் ஆள் வேண்டுமா என்று முனகிக்கொண்டே குடத்தைத் தூக்கினேன். மறுநாள் போனால், கிணற்றடியில் நான் நிற்கிற இடத்தில் ஒரு தட்டைக் கல் பதித்திருந்தது. ஏறி நின்றேன். கயிறு தானாகக் கைக்கு வந்தது. தோள் வலிக்கவே இல்லை.

ஆனால் அந்தக் கல்லால் எனக்கு மட்டும்தான் சுகம். தெருவில் மற்ற பெண்கள் எல்லோரும் அதில் காலை இடித்துக்கொண்டார்கள். "எவடி அவ, நடக்கிற வழியில கல்லைப் போட்டது?" என்று திட்டினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து நின்று நன்றாகத் திட்டினேன்.

அதுதான் அவர். ஓர் ஆளுக்கென்று ஒன்றைச் செய்தால் அது அந்த ஆளுக்கு மட்டும்தான் பொருந்தும். மிச்ச ஊர் இடறி விழுந்தால் விழட்டும்.

ஏலக்காய்க் கடை ராவுத்தருக்கு ஒரு நாற்காலி செய்து கொடுத்தார். ராவுத்தருக்குத் தொந்தி பெரிது. நாள் முழுக்கத் தராசைப் பார்த்துக்கொண்டு இடது பக்கமே சாய்ந்து உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டது. இவர் போய் அவரைச் சாக்கு அடுக்கின் மேல் உட்காரச் சொன்னார். "ஒக்காருங்க, பாப்போம்." அதுதான் அவருடைய முதல் வார்த்தை, எல்லோரிடமும். முன்னால் போய்ப் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாற்காலி வந்தது. ஒரு கை தாழ்ந்து, ஒரு கை உயர்ந்து, பார்க்க நொண்டி ஆடு மாதிரி இருந்தது. ராவுத்தர் உட்கார்ந்தார். அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். முதுகுவலி போயே போய்விட்டது.

கொஞ்ச நாள் கழித்து ராவுத்தருடைய மாமனார் கம்பம் ஊரிலிருந்து வந்தார். மரியாதைக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தார்கள். பெரியவர் உட்கார்ந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டு ஏலக்காய்க் குவியலில் போய் விழுந்தார்.

"ஏ மாப்ளே, மாமனாரைக் கீழ தள்ளுறதுக்கா நாற்காலி செஞ்சு குடுத்த?" என்று ராவுத்தர் தெருவில் நின்று கத்தினார்.

"அவரை யாரு ஒக்காரச் சொன்னது? அவரு வலது பக்கம் சாயிற ஆளு," என்றார் இவர். கையில் இருந்த அரத்தை நிறுத்தக்கூட இல்லை.

ஊருக்கெல்லாம் அளவு பார்த்தவர் தனக்கு மட்டும் பார்த்துக்கொண்டதில்லை. போட்டிருந்தது மைத்துனருடைய பழைய சட்டை, கை விரல் நுனி வரைக்கும் தொங்கும். செருப்பு எவருடையதோ. அவர் என் உயரம்தான், ஒரு விரல் கூட இருக்கலாம். அவர் மனைவி நல்ல நெட்டை. வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடியை அந்த அக்காவின் உயரத்துக்கு அடித்து வைத்திருந்தார். அதில் அவருக்குத் தன் நெற்றி மட்டும்தான் தெரியும். சவரம் செய்ய ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி அடிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

மலையில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர்களில் சூட்டுக்குழாய் சரிபார்ப்பதும் ஆயில் எஞ்சின் பழுது பார்ப்பதும் அவருடைய சோலி. அப்படிப் போன இடத்தில்தான் அந்த அக்காவைப் பார்த்திருக்கிறார். அக்காவின் அம்மா போடிமெட்டில் ரோட்டோரமாக ஒரு டீக்கடை வைத்திருந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. "கூரையில தலை இடிக்காம இருக்கியே, குனிஞ்சு குனிஞ்சு நடந்து பழகிட்டியான்னு கேட்டாரு. பொண்ணுக்கிட்ட முதமுதல்ல பேசுற பேச்சா அது?" என்று அக்கா சொல்லிச் சிரிக்கும்.

கல்யாணம் ஆகி நாலைந்து வருஷம் கழித்து, மழை ஈரத்தில் அக்கா கொல்லைப்படியில் வழுக்கி விழுந்தது. இடது முழங்கால். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டை அவிழ்த்தபோது வலி போயிருந்தது, மடக்கும் போயிருந்தது. கால் ஓர் உலக்கை மாதிரி நீட்டினபடியே நின்றுவிட்டது. அக்கா அழுததோ என்னவோ, எனக்குத் தெரியாது. என்னிடம், "இனிமே கோலம் போடுற வேலை ஒனக்குத்தான்டி, நீதான் தரைக்குப் பக்கத்துல இருக்க," என்றது.

ஒருமுறை மலைக்குப் போக பஸ்சு ஏறப் போனது. நானும் கூடப் போனேன். பஸ்சுப் படி உயரம். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எம்பியது, முடியவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து, இன்னொரு ஆளையும் கூப்பிட்டு, "ஏம்ப்பா, இந்த லோடை ஒரு கை பிடி," என்று கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டு இறங்கிக்கொண்டது. வீடு வரைக்கும் எனக்கு முன்னாலேயே நடந்தது. வாசலுக்கு வந்ததும் புருஷனைப் பார்த்துச் சொன்னது:

"நாலு பேரு தூக்கிட்டுப் போற நாளு ஒண்ணு எனக்கும் வரும். அதுக்கு முன்னாடி ஒருத்தரும் என்னைத் தூக்கக் கூடாது."

அதோடு பஸ்சு இல்லை, ஜீப்பு இல்லை. அம்மாவைப் பார்ப்பதும் இல்லை. காலைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லவும் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். மலைக்கு அரிசி ஏற்றிக்கொண்டு போவார், ஏலக்காய் ஏற்றிக்கொண்டு வருவார். போகிறபோது அந்த டீக்கடையில் நிறுத்திப் பால் விடாத கட்டன் டீ குடிப்பார். அவர் மூலமாகத்தான் செய்தி போகும், வரும். அறுவடை, ஆளில்லை, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று அக்கா ஒவ்வொரு சாக்காகச் சொல்லி அனுப்பும். "அண்ணே, காலைப் பத்தி மூச்சு விடக் கூடாது, ஆமா," என்று ஒவ்வொரு தடவையும் மிரட்டும். எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சில் கையை வைத்துக்கொள்வார்.

ஒருநாள் அவர் வேறு செய்தி கொண்டு வந்தார். "ஒங்க ஆத்தாவுக்குக் கண்ணுல பொகை மண்டுதாம்மா. முகம் தெரியுறப்பவே ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னாக."

அக்காவின் புருஷன் அதன் காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த வாரம் மதுரைக்கு ரயிலேறிப் போனார்.

திரும்பி வந்தபோது ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. சண்டை முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துவிட்ட வண்டி. பச்சை பெயிண்டு உரிந்து, டேங்கில் ஓர் ஓட்டையோடு இருந்தது. குண்டு துளைத்த ஓட்டை என்று தெருவில் சொன்னார்கள். துரு என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். தெருவே கூடி நின்று, துடைத்து எண்ணெய் போட்டு ஓட்டப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பசுமாட்டைத் தொழுவத்திலிருந்து அவிழ்த்து வெளியே கட்டினார். வண்டியை உள்ளே தள்ளினார். ரம்பத்தை எடுத்து நடுவில் இரண்டாக அறுத்துவிட்டார்.

"வந்த அன்னைக்கே பலி குடுத்துட்டாரு," என்றது அக்கா.

அவர் யோசனை லேசான யோசனைதான், செய்து முடிக்கத்தான் காலம் ஆனது. சீட்டு உயரமாக இருந்தால் அக்காவால் காலைத் தூக்கிப் போட முடியாது. அதனால் சீட்டை மணைப்பலகை மாதிரி தாழ்த்தினார். தாழ்ந்து உட்கார்ந்தால் மடங்காத காலை முன்னால்தான் நீட்ட வேண்டும். நீட்டினால் முன்சக்கரம் இடிக்கும். அதனால் முன்சக்கரத்தை இன்னும் முன்னால் தள்ளினார். ஸ்டோரில் கழித்துப் போட்ட இரும்புக் குழாயைக் காய்ச்சி ஒட்டி, முன்சக்கரத்தைத் தாங்குகிற இரண்டு கால்களை ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீட்டினார். சக்கரம் தூரம் போனதும் ஹாண்டில்பார் கைக்கு எட்டவில்லை. அதனால் அதை எருமைக் கொம்பு மாதிரிப் பின்னால் வளைத்தார். மதுரையிலிருந்து வந்தது ஒரு மோட்டார் சைக்கிள். தொழுவத்தில் வளர்ந்தது என்ன பிராணி என்று பசுமாட்டுக்கே விளங்கவில்லை.

முன்னால் அவர், பின்னால் அக்கா. அதுதான் ஏற்பாடு. பின்சீட்டுக்குப் பக்கத்தில் கால் நீட்ட இரண்டு கம்பி வைத்து, "வந்து ஒக்காரு, பாப்போம்," என்று கூப்பிட்டார்.

இங்கேதான் ஏலக்காய் உள்ளே வருகிறது. எங்கள் தெருவில் பெண்களுக்கெல்லாம் ஏலக்காய் பொறுக்குகிற வேலை. ராவுத்தர் கடையிலிருந்து மூட்டை வரும். முறத்தில் போட்டு, பச்சை வேறு, வெளுத்தது வேறு, வெடித்தது வேறு என்று பிரிப்போம். அக்கா சும்மா உட்காருகிற ஆள் இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து அளவு கொடுக்கிற நேரத்தில் பொறுக்கலாமே என்று முறத்தோடு வந்தது. பின்சீட்டில் முறம் நிற்கவில்லை, காயெல்லாம் சரிந்து சாணியில் விழுந்தது. அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. பெட்ரோல் டேங்கு முறம் வைக்க வாகாக இருந்தது. நாங்களும் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டோம். இரும்பு ஒட்டுகிற கார்பைடு வாடையும் ஏலக்காய் மணமும் கலந்து தொழுவத்தில் வீசும். அப்படி ஒரு நாற்றமான மணத்தை அதற்குப் பிறகு நான் எங்கேயும் முகரவில்லை.

அவர் எப்போது திரும்பினாலும் முன்னால் இருந்தது அந்த நீட்டின காலும் அந்த நெட்டைக் கையும்தான். அவருக்கு முகம் எங்கே தெரியப்போகிறது? காலைப் பார்த்தார், கால் கம்பியை அதற்குத் தக்கபடி தள்ளினார். கையைப் பார்த்தார், ஹாண்டில்பாரை அதற்குத் தக்கபடி வளைத்தார். கியர் மாற்றுகிற குச்சியை டேங்குக்கு வலதுபக்கம், முறத்திலிருந்து கை எடுத்தால் படுகிற இடத்தில் வைத்தார். பின்சக்கரத்தைக் கட்டையில் தூக்கி நிறுத்திவிட்டு எஞ்சினை ஓட்டுவார். திருகாணி முடுக்குகிற திருப்புளியை எஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக்கொள்வார். "கிளச்சை மிதி. ரெண்டாவது போடு. விடு. மெல்ல!" என்பார். அக்கா ஒரு கையால் முறத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கியர் போடும். ஓடாத வண்டியில் எத்தனையோ மைல் ஓட்டிவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, மூக்கு இம்புட்டு நீளமா இருக்கே. மலை ரோட்டுல கொண்டை ஊசி வளைவு வருமே, இது எப்படித் திரும்பும்?" என்றார்.

"திருப்பிக்கிரலாம்," என்றார் அவர்.

வண்டி முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சந்தனம் பூசி, சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ராவுத்தர் நாற்காலியை விட்டே எழுந்து வந்திருந்தார். இவர் வெளுத்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார்.

கால் எட்டவில்லை.

கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். கால் எட்டியது, முதுகுக்குப் பின்னால் சீட்டு இல்லை. பின்னால் சாய்ந்தார், ஹாண்டில்பார் கையை விட்டுப் போனது. எட்டிப் பிடித்தார், மார்பு டேங்கில் படுத்தது. தொட்டிலுக்குள் கிடக்கிற பிள்ளை மாதிரி இரண்டு காலும் அந்தரத்தில் ஆடின. தெரு சிரித்த சிரிப்பில் எலுமிச்சம்பழம் தானாக நசுங்கியிருக்கும்.

"ஏ மாப்ளே, எட்டுதா, இல்ல ஏணி கொண்டாரச் சொல்லட்டா?" என்றார் ராவுத்தர். மாமனார் விழுந்த கணக்கை அவர் மறக்கவில்லை.

இவர் இறங்கினார். சீட்டைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், அக்காவின் காலைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்படி ஒன்று தனக்கு இருப்பதை அன்றைக்குத்தான் கண்டவர் மாதிரி பார்த்தார்.

"அளவு மாறிப்போச்சு," என்றார். "மறுபடி அறுத்து ஒட்டணும். ஆடிக்குள்ள முடிச்சிரலாம்."

எங்கள் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "ஆடி வரைக்கும் ஒங்க அத்தை கண்ணு தாங்குமான்னு தெரியலைண்ணே. நேத்து எனக்குக் கட்டன் ஊத்துனாக. டம்ளர்ல ஊத்தலை, பக்கத்துல பலகையில ஊத்துனாக."

சிரிப்பு நின்றுபோனது. அக்கா முறத்தை என் கையில் கொடுத்தது. நாற்று நடுகிற பெண்கள் மாதிரி சேலையை வரிந்து சொருகிக்கொண்டது.

"எறங்கித்தான நிக்கிறீக? அப்படியே தள்ளி நில்லுங்க," என்றது புருஷனிடம். யார் கையையும் பிடிக்காமல் பின்பக்கமாகச் சரிந்து முன்சீட்டில் உட்கார்ந்து, மடங்காத காலை அதன் கம்பியில் வைத்தது. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"பொம்பளையா ஓட்டப்போகுது?" என்றார் ராவுத்தர்.

"நீங்க வேணா ஏறி ஒக்காந்து பாருங்க ராவுத்தரே. ஒங்க மாமனாரைத் தள்ளுன கைதான் இதையும் செஞ்சது," என்றது அக்கா.

ராவுத்தர் ஓர் அடி பின்னால் போனார்.

பங்குனி மாதம், கண்மாய் வறண்டு பாளம் பாளமாகக் கிடந்தது. அங்கே ஓட்டிப் பழகினார்கள். அக்கா ஓட்டும், அவர் பின்னால் உட்கார்ந்து காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போவார். ஒருமுறை வண்டி சாய்ந்து அக்கா மண்ணில் கிடந்தது. நான் ஓடினேன். "தொடாத!" என்று ஒரு சத்தம். கையை ஊன்றி, புரண்டு, வண்டியைப் பிடித்து எழுந்தது. அவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், கிட்டே வரவில்லை. அக்கா எழுந்த பிறகு வந்து, அது எதைப் பிடித்து எழுந்ததோ அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். மறுநாள் அந்த இடத்தில் ஒரு கைப்பிடி முளைத்திருந்தது.

போகிற அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரருடைய லாரி பின்னால் போவதாக ஏற்பாடு. வழியில் வண்டி நின்றுபோனால் லாரி இருக்கிறது என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். லாரிப் படி பஸ்சுப் படியைவிட உயரம், அக்கா அதில் ஏறப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நான் லாரியில் முன்னால் ஏறிக்கொண்டேன்.

"நீ எதுக்குடி?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"யாராவது அழுதா கூட அழ ஆள் வேண்டாமா?" என்றேன்.

சமவெளியில் வண்டி நன்றாகத்தான் போனது. அக்கா காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்து, ஜமீன் மாதிரி போனது. அவர் பின்னால் சட்டைக் கை பறக்க அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தார். களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்தவர்கள் நிமிர்ந்தபடியே நின்றார்கள்.

மலை ஏறியதும் முதல் வளைவு வந்தது. எங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரியாகப் போயிற்று. அக்கா எவ்வளவு திருப்பியும் அந்த நீள மூக்கு திரும்பவில்லை, நேராகப் போய்ப் பாறைக்கு முன்னால் நின்றது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பின்னால் நாங்கள். எங்களுக்குப் பின்னால் எவனோ ஹாரன் அடித்தான். அக்கா பிரேக்கைப் பிடித்தபடி திரும்பாமல் உட்கார்ந்திருந்தது. அதன் பின்கழுத்து வேர்த்திருந்ததை நான் லாரியிலிருந்து பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இங்கே நாலு பேர் வந்து தூக்குகிறதாக ஆகிவிடுமோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

அவர் பின்னாலிருந்து குதித்தார். வண்டியின் பின்பக்கத்துக் கேரியரை இரண்டு கையாலும் பிடித்து, தூக்கிப் பக்கவாட்டில் ஒரு முழம் நகர்த்தினார். மூச்சு வாங்கினார். இன்னொரு முழம். தலையைத் திருப்ப முடியாவிட்டால் வாலைத் திருப்பினால் போச்சு. எங்கள் வீட்டுக்காரர் உதவிக்கு இறங்கப் போனார்.

"வேண்டாண்ணே. கனம் எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். நீங்க தொட்டா சாஞ்சிரும்," என்றார் அவர்.

வண்டி ரோட்டைப் பார்த்து நின்றது. ஏறி உட்கார்ந்தார். போனார்கள். அடுத்த வளைவிலும் குதித்தார், வாலை இழுத்தார், ஏறினார். அதற்கடுத்ததிலும் அப்படியே. எத்தனை வளைவு என்று நான் எண்ணவில்லை. பாதி மலையில் எங்கள் வீட்டுக்காரருக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது.

"ஏடி, அண்ணன் முன்னாடி ஒக்காந்திருந்தா, வளைவுக்கு வளைவு யாரு எறங்கி இழுக்கிறது? அந்தக் காலை வச்சுக்கிட்டு அக்காவா?"

"அளவு மாறிப்போச்சுன்னாரே," என்றேன்.

அவர் வேண்டுமென்றே செய்தாரா, தவறித்தான் போனாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டிருந்தாலும் என் முழங்கையைத்தான் பார்த்திருப்பார்.

போடிமெட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. டீக்கடைக்கு முன்னால் வண்டி போய் நின்றதும் அக்காவின் அம்மா வெளியே வந்தது. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கிட்டே வந்து, முதலில் சக்கரத்தைப் பார்த்தது. பிறகு நீட்டின கால்களைப் பார்த்தது. பிறகு மகள் முகத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தது.

"ஏண்டி, படுத்துக்கிட்டே ஓட்டுற வண்டியா இது?"

"இதுல எல்லாரும் காலை நீட்டித்தான் ஒக்காரணும்த்தா. புது மாதிரி," என்றது அக்கா. இரண்டு காலும் நீண்டிருந்தன. எது மடங்குகிற கால், எது மடங்காத கால் என்று யாரும் சொல்ல முடியாது.

"சரி, உள்ள வா."

"இருக்கட்டும்த்தா. இங்கயே ஒக்காந்துக்கிறேன். காத்து நல்லா இருக்கு."

"பனி கொட்டுது, காத்தாம் காத்து. எறங்குடி."

அக்கா அவரைப் பார்த்தது. அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கைப்பிடியைப் பிடித்து எழுந்து, காலை வீசி வீசி வாசலுக்கு நடந்தது. எனக்கு அந்த மலை வீடுகளைத் தெரியும். மழைத்தண்ணீரும் பாம்பும் வராமல் இருக்க நிலைப்படியை முழங்கால் உயரத்துக்கு வைத்திருப்பார்கள். மடங்காத காலோடு தாண்ட முடியாது. இத்தனை வளைவும் கடந்து வந்து, பெற்ற தாய் வீட்டு வாசலில் கைத்தாங்கலாகத் தூக்கித்தான் உள்ளே விட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

நிலைப்படி இல்லை. நடுவில் ஆள் நுழைகிற அகலத்துக்குத் தரையோடு தரையாக அறுத்திருந்தது. இரண்டு ஓரத்திலும் பழைய உயரம் அப்படியே நின்றது. நிலைப்படியில் லட்சுமி இருக்கிறாள் என்று மிதிக்கவே விடாத ஜனம் அது. அறுத்த இடத்திலும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. ஒருநாள் மஞ்சள் இல்லை, வெள்ளிக்கு வெள்ளி பூசிப் பூசித் தடித்துப்போன மஞ்சள்.

அக்கா வாசலில் நின்றுவிட்டது. "இது எப்ப அறுத்ததுத்தா?"

"லாரிக்காரரு சொன்னாரு, முழங்கால் மடங்காதுன்னு. சொன்ன மறுநாளே அறுத்துட்டேன். என்னைக்கு வருவன்னு யாருக்குத் தெரியும்?"

அக்கா மெதுவாகத் திரும்பி எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தது. அவர் நெஞ்சில் கையை வைக்கவில்லை. "ரேடியேட்டர் கொதிக்குது," என்று லாரிப் பக்கம் போய்விட்டார்.

அக்கா உள்ளே போனது. படியில் காலைத் தூக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் மட்டும் போகவில்லை. வாசலில் குந்தி உட்கார்ந்து, அறுத்த இடத்தில் ஜாண் வைத்தார். விரல் வைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அத்தே, யாரை ஒக்கார வச்சு அளந்தீக?"

"யாரும் இல்லையே. நானா அறுத்தேன்."

இன்னொரு தடவை விரலால் தடவினார். "இடது பக்கம் ஒரு நூல் ஒசரமா இருக்கு," என்று சொல்லி இடுப்பிலிருந்து அரத்தை உருவினார்.

"மாப்ள, அதுல கை வச்சீக, அகப்பையால போட்ருவேன்," என்றது அந்த அம்மா.

அவர் அரத்தைப் பார்த்தார், படியைப் பார்த்தார், கடைசியாக அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஆள் முகத்தை அவர் பார்த்து நான் கண்டது அந்த ஒருமுறைதான். அரத்தை மறுபடி சொருகிக்கொண்டு எழுந்து, தாண்டி உள்ளே போனார். அவருக்குப் பின்னால் நான் போனேன். எனக்குப் பின்னால் எங்கள் வீட்டுக்காரர் போனார். நெட்டையும் குட்டையுமாக இத்தனை பேர் போனோம், ஒருவர் காலும் இடறவில்லை.